புது வண்டி வந்த சேதி

அன்புள்ள முருகேசா,

உன் புது டிராக்டர் போட்டோ பார்த்தேன். மாலை, சந்தனப் பொட்டு, மட்கார்டில் உன் பேரன், மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நிற்கிற வண்டியில் உட்காரட்டும், ஓடும்போது மட்கார்டில் யாரையும் ஏற்றாதே. ஒரு வரப்பில் குலுங்கினால் போதும், விழுகிறவன் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் விழுவான்.

24 எச்பி, சின்ன வண்டி, தொட்டியத்து வாழைக்கு நடுவே புகுந்து போகும் என்று எழுதியிருந்தாய். சின்னது என்பதால்தான் எனக்குக் கவலை, பெரிய வண்டிக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கு யாரும் கொடுப்பதில்லை. பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றுகிற பிடிஓ ஷாப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. போன வருஷம் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரில் சிக்கிய வாழைநாரை எடுக்க எஞ்சினை நிறுத்தாமல் குனிந்தேன், தோளில் கிடந்த துண்டை ஷாப்ட் சுற்றி இழுத்துக்கொண்டது. சும்மா கிடந்த துண்டு, அதனால் அதோடு போயிற்று. கழுத்தில் சுற்றியிருந்தேன் என்றால்? அன்றிலிருந்து பிடிஓவை விடுவித்து, ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறேன். ஷாப்ட் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரை இடைஞ்சல் என்று யார் சொன்னாலும் கழற்ற விடாதே.

அப்புறம், சேற்றில் மாட்டினால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். சக்கரம் சுற்ற வழியில்லாமல் போனால் எஞ்சினின் பலம் முழுக்க முன்பக்கத்தைத் தூக்கி வண்டியைப் பின்னால் கவிழ்த்துவிடும், குதிக்கக்கூட நேரம் இருக்காது. ரிவர்ஸில் வருகிறதா பார், இல்லையென்றால் இன்னொரு வண்டியைக் கூப்பிடு. ரோட்டுக்கு வரும்போது இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடு.

முதல் 50 மணி நேரம் வண்டியைத் திணற அடிக்காதே. புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது இரும்புத் தூள் ஆயிலில் இறங்கும், அதனால் முதல் சர்வீஸை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதே. ரேடியேட்டர் வலையில் சருகுத் தூசி அடைத்தால் சூடேறும், சாயங்காலம் ஊதிவிடு. ஏர் பில்டரையும் பார்த்துக்கொள்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவனைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறதா? மாலை மறைத்ததில் தெரியவில்லை. இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டு ஓட்டு. தாழ்ந்த மரத்தடியில் சட்டத்தை மடக்கினால் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிடு. பதில் போடு, தை பிறந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
செல்வம்