மங்கா வரைய விரும்புவோர் முதலில் முடிக்க வேண்டியது

ஆசிரியருக்கு வணக்கம்.

மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதையின் ஓவியராவது பற்றி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரை ஓவியப் பயிற்சியோடு நின்றுவிட்டது. முகமும் கைகாலும் அழகாக வரைபவர்கள் நிறையப் பேர். முப்பது பக்கத்தில் ஒரு கதையைத் தொடங்கி முடித்தவர்கள்தான் குறைவு. ஜப்பானியப் பதிப்பாசிரியர்கள் புதியவரிடம் எதிர்பார்ப்பது அந்த ஒற்றைக் கதையை. அதை 'யோமிகிரி' என்பார்கள். பெருந்தொடர் ஒன்றின் முதல் அத்தியாயத்தை மட்டும் நீட்டினால், இவருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்று அவர்களால் கணிக்க முடியாது.

பேனாவைத் தொடுமுன் 'நேமு' போட வேண்டும். குச்சி மனிதர்கள், கட்டங்கள், பேச்சுக் குமிழிகள் கொண்ட கரட்டு வடிவம் அது. வசனம் மட்டும் கரடாக இருக்கக் கூடாது. பின்னால் நீண்டால் குமிழி முகத்தை மூடிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்தே வரையுங்கள். மங்கா வலமிருந்து இடமாகப் போவதால், தாளைப் புரட்டியதும் கண் விழுவது வலப்பக்கத்தின் மேல்மூலையில். அதிர்ச்சி தரும் காட்சி அங்கே வர வேண்டும். அதற்கான ஏக்கத்தை முந்தைய இடப்பக்கத்தின் கடைசிக் கட்டம் கிளப்ப வேண்டும். அதே காட்சியை இடப்பக்கத்தில் வைத்தால், வலப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டு வீணாகிவிடும். புதியவர்களின் நேமுவில் அடிக்கடி காணும் பிழை இது. பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் போதும். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் புரியாமல் முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

அச்சுக்கான தாள் பி4 (257 x 364 மி.மீ.). கட்டங்கள் அடங்கும் உள்சட்டம் 180 x 270 மி.மீ., பக்கத்தின் ஓரம் வெட்டப்படும் அளவு 220 x 310 மி.மீ. வசனமும் முகமும் உள்சட்டத்துக்குள் இருக்கட்டும். பத்திரிகையில் இது ஏறத்தாழ 83 விழுக்காடாகச் சுருங்கும், மிக மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். கணினியில் வரைந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் (டிபிஐ), சாம்பல் கலக்காத கறுப்பு வெள்ளை. நிழல் காட்டும் புள்ளிக்கோலமான ஸ்கிரீன்டோன் போட்ட பிறகு படத்தின் அளவை மாற்றாதீர்கள். புள்ளிகள் குலைந்து அலையலையாகக் கறை தெரியும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொன்று. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் குமிழிகள் ஒடுங்கி நெடிதாக இருக்கின்றன. அதையே நகலெடுத்தால் நம் நீண்ட சொற்கள் வரிக்கு வரி உடையும். அகன்ற குமிழியும் இடமிருந்து வலமாகச் செல்லும் கட்ட வரிசையும் நேமுவிலேயே முடிவாக வேண்டும். பின்னர் திசையை மாற்ற, முடித்த பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்.

ஜப்பானில் முன்கூட்டி நேரம் கேட்டு, பக்கங்களைப் பதிப்பகத்துக்கே கொண்டுபோகலாம். 'மொச்சிகோமி' எனப்படும் இந்தச் சந்திப்பில் பதிப்பாசிரியர் எதிரிலேயே படித்துக் கருத்துச் சொல்வார். அதற்கு ஜப்பானிய மொழி வேண்டும். வெளிநாட்டவருக்கு, ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2007இல் தொடங்கிய சர்வதேச மங்கா விருது உண்டு. வசனமே இல்லாத கதைகளுக்கான சைலன்ட் மங்கா ஆடிஷனும் உண்டு. மொழி தடையாக நிற்பவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே எங்கள் பரிந்துரை.

வருமானத்தையும் கட்டுரை தொடவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று ஊதியம், தொகுதியாக வந்தால் உரிமைத்தொகை. வாரத் தொடரென்றால் வாரத்துக்குச் சுமார் 19 பக்கம். உதவியாளர் இல்லாமல் தாங்காது. அவர்களின் சம்பளம் பொதுவாக ஓவியரின் பக்க ஊதியத்திலிருந்தே போகிறது. வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் இந்தக் கணக்கையும் அடுத்த கட்டுரையில் விளக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்திரக்கதைப் பயிற்றுநர்கள்