ரேமை 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்ற லேப்டாப் குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீட்டிலிருந்து ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் உங்கள் வாடிக்கையாளர், திண்டுக்கல்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: தொழிலுக்குப் பொருந்தாத லேப்டாப்பை விற்றது, சர்வீஸ் சென்டரில் அலைக்கழித்தது, கஸ்டமர் கேரில் மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தமிழுக்கு 2, புகாருக்கு 4 என்று உங்கள் போனில் எண்களை அழுத்தி அலுத்துப்போய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன். இதுவரை நான் போனில் சொன்ன எதுவும் உங்களிடம் பதிவாகவில்லையாம். இதையாவது யாராவது முழுசாகப் படியுங்கள்.

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ரிட்டன் போடுவது என் தொழில். பூட்டுக்கடை, ஹார்டுவேர் கடை, மளிகை, அதோடு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. என் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கட்சிக்காரர்களின் பில்லும் பாஸ்வேர்டும் கிடக்கிற மிஷின் என்பதால் புதுசு வாங்கத் துணிந்தேன்.

உங்கள் ஷோரூமுக்கு வெறுங்கையோடு போகவில்லை. தாளில் எழுதிக்கொண்டு போனேன்: டேலி, எக்செல், க்ரோமில் எந்நேரமும் பத்துப் பதினைந்து டேப், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி), டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். டெஸ்க்டாப்பும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குவதுதான் என் எண்ணம். டெஸ்க்டாப்பில் ரேம் பத்தவில்லை என்றால் பக்கத்து மூடியைக் கழற்றி இன்னொன்றைச் செருகிவிடலாம், தெருமுனைக் கடைப் பையனே செய்வான். உங்கள் சேல்ஸ் தம்பி விடவில்லை. "டெஸ்க்டாப்லாம் இப்ப யாருக்கா வாங்குறா? கரண்ட் போனாலும் இது ஓடும். 8 ஜிபி தாராளம். பத்தலைன்னா 16 ஆக்கிக்கலாம், மதுரை சர்வீஸ் சென்டர்ல போட்டுத் தருவாங்க" என்றார். நான் கேட்டதன்பேரில் பில்லின் பின்பக்கம் "ரேம் 16 வரை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். அந்த பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பழைய மிஷினில் இனிமேல் ஜிஎஸ்டி போர்ட்டலே திறக்காது என்றும் பயமுறுத்தினார். திறக்கிறது ஐயா. இந்த லேப்டாப் உங்கள் மதுரை மையத்தில் படுத்துக் கிடந்தபோது அந்தப் பழைய மிஷின்தான் எனக்குக் கஞ்சி ஊற்றியது.

18 சதவீத வரியோடு 52,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், டேலி ஏறவே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள ஆப் மட்டும்தான் ஏற்ற முடியும் என்று திரையில் வருகிறது. எஸ் மோடாம். க்ரோம் கிடையாது, எட்ஜ்தான். டிஎஸ்சி டோக்கனுக்கான டிரைவர் ஏறாது, போர்ட்டலில் கையெழுத்திட வேண்டிய எம்சைனரும் ஏறாது. பிரைவேட் லிமிடெட்டுக்கு டிஎஸ்சி இல்லாமல் ரிட்டன் எப்படிப் போடுவது? டேலி என்று தாளில் முதல் வரியிலேயே எழுதியிருந்தேனே. பூட்டு ஊர்க்காரியிடமே பூட்டைப் போட்டு விற்றிருக்கிறீர்கள்.

கஸ்டமர் கேரில் கேட்டேன். எஸ் மோடை எடுக்க விண்டோஸ் ப்ரோ வெர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டும், சாஃப்ட்வேர் விஷயம் வாரன்டியில் வராது என்றார்கள். பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் வந்து செட்டிங்ஸுக்குள் போய், ஸ்டோரில் ஒரு பட்டனைத் தட்டி, காசில்லாமல் எடுத்துவிட்டாள். எஸ் மோடை விட்டு வெளியே வருவது இலவசம், திரும்ப உள்ளே போகத்தான் முடியாது. இது அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது, விற்கிற உங்களுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் 8 ஜிபியின் லட்சணம் தெரிந்தது. மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சரக்கு விற்றவர்கள் போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்துவிடும். அதை எக்செல்லில் இறக்கி, கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து, 20-க்குள் 3பி என்கிற மாத ரிட்டனைப் போட வேண்டும். அந்த ஒரு வாரம்தான் எனக்குச் சோறு போடுகிற வாரம். ஒரு பக்கம் டேலி, ஒரு பக்கம் எக்செல், பின்னால் போர்ட்டல் என்று திறந்தால் மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இருக்கிற 8-லும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

16 ஆக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் மறுபடி போன் செய்தேன். சூப்பர்வைசர் என்று ஒருவர் வந்தார். "வீட்ல உக்காந்து கணக்கு எழுதறதுக்கு 16 ஜிபி எதுக்கு மேடம்? சீரியல் பாக்குறவங்க 8-லயே சூப்பரா பாக்குறாங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. உரையாடல் பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் நீங்கள்தானே சொல்கிறீர்கள்? எடுத்துக் கேளுங்கள். நான் சீரியல் பார்க்க 52,000 கொடுத்தேனா? வீட்டில் இருக்கிற பொம்பளை என்றால் பொழுதுபோகாமல் கணக்கு எழுதுகிறாள் என்று நினைப்பா? அவரே கடைசியில், மதுரைக்குக் கொண்டு போங்கள், ரேம் போட்டுத் தருவார்கள் என்று சொல்லிப் புகார் எண்ணும் கொடுத்தார்.

திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் காளவாசல் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்தால், மிஷினைத் திறந்து பார்த்துவிட்டு இன்ஜினியர் உதட்டைப் பிதுக்குகிறார். "ரேம் போர்டுலயே சால்டர் பண்ணிருக்கும்மா. ஸ்லாட்டே கிடையாது. இந்த மாடல்ல கூட்டவே முடியாது." அவர்மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் கம்பெனியில் என்னிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் உங்கள் மதர்போர்டில் ஸ்லாட் இருக்கிறதா இல்லையா என்பது விற்கிறவருக்கும் தெரியாது, போனில் இருப்பவருக்கும் தெரியாது என்றால், திறந்து பார்க்கவா எங்களை இழுத்தடிக்கிறீர்கள்?

திறந்து மூடியதில் டச்பேட் வேலை செய்யாமல் போனது. பார்ட் வர வேண்டும் என்று மிஷினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு "உங்கள் சாதனம் தயார், பெற்றுக்கொள்ளலாம்" என்று எஸ்எம்எஸ். 3பி வேலையை அப்படியே போட்டுவிட்டு, மழையில் மறுபடி மதுரை. போனால் பார்ட்டே வரவில்லை. "அந்த மெசேஜ் ஆட்டோமேட்டிக்கா போகும்மா, கால் பண்ணிட்டு வந்திருக்கணும்" என்கிறார் கவுன்ட்டரில் இருந்த பெண். கால் செய்தால் எடுக்கிறீர்களா? இந்த ஒரு பயணத்தை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

தாமதமாக ரிட்டன் போட்டால் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டன் என்றால் 20, கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. கட்சிக்காரர்கள் சார்பில் இதையெல்லாம் நான்தான் கட்டினேன். பூட்டுக்கடை அண்ணாச்சி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அவர் போனதில் அவர் மச்சான் கடையும் போகும், அவர்கள் சொல்லி வரவிருந்தவர்களும் போவார்கள். என் தொழிலே படுத்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது.

உங்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமல்ல. எங்கள் வீட்டில் முன்பு இருந்ததும் உங்கள் கம்பெனி மானிட்டர்தான், ஒரு குறையும் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தான் வந்தேன். தயவுசெய்து இதை நல்லபடியாக முடித்துக்கொடுங்கள்.

முடியாது என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சீரியல் சூப்பர்வைசர், "பிசினஸ் யூஸ்னா நீங்க கன்ஸ்யூமரே இல்ல மேடம், கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்றும் சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது. நான் வசிக்கிற ஊரிலேயே, திண்டுக்கல் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம். வழக்குக்கு வக்கீல் வைத்துக்கொள்ளக்கூட அவசியமில்லை. பக்கம் பக்கமாகக் கணக்கெழுதிப் பழகிய கை இது.

எனக்கு வேண்டியது இதுதான். இந்த லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள், அல்லது அதே விலையில் 16 ஜிபி உள்ள, ரேம் ஸ்லாட் இருக்கிற டெஸ்க்டாப்பைக் கொடுங்கள். நான் கட்டிய தாமதக் கட்டணத்தை ரசீது பார்த்துத் தாருங்கள். அந்தச் சூப்பர்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம். அவர் குரலை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. 15 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் உங்களுக்கு ஆணையத்திலிருந்து வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
திண்டுக்கல்

இணைப்பு: பில் நகல் (இரு பக்கமும்), ஜாப் ஷீட், எஸ்எம்எஸ் படம், தாமதக் கட்டணச் சலான்கள்.

பி.கு.: மிஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள், சார்ஜரைக் கொடுக்கவில்லை. ஜாப் ஷீட்டில் "சார்ஜர் – உண்டு" என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறார். அதைக் கூரியரில் அனுப்புங்கள். சார்ஜருக்காக நான் மதுரைக்கு வர மாட்டேன்.