வனிலா ஷேக்கில் ஐஸ் போடாதே, மக்கா

குலசேகரம்
மே 14

அன்பு மக்கா,

சுகம்தானே? உன் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு, வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க, ரெயின்கார்டு ஒட்டும் வேலை ஓடிக்கொண்டிருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. பால்வெட்டுக்கு ஆள் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. கிடைத்த ஆளை விட்டுவிடக்கூடாது என்று காலையில் சாயா முதல் மதியம் மீன்குழம்பு வரை நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். கோடைமழை இந்தத் தடவை குறை வைக்கவில்லை. மூன்று மணி ஆனால் பேச்சிப்பாறைப் பக்கம் மேகம் கறுக்கும், நான்கு மணிக்கு இடி, இடி விழுந்த மறுநிமிடம் கரண்ட் போகும். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

மகள் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனோம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டரில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்களே, அதில் பேரன் ஓடுகிறான், உன் மைனி கைப்பிடியை விடாமல் ஓரமாகவே வருகிறாள். கீழே கடலைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். திரும்பி வந்து கரையில் ஒரு கடையில் ஆளுக்கொரு வனிலா ஷேக் குடித்தோம். விலையைச் சொன்னால் உனக்கு இரத்த அழுத்தம் ஏறும், வேண்டாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் கடையில் குடிக்கிற ஷேக் கெட்டியாக, வழவழவென்று இருக்கிறது, வீட்டில் அதே பால், அதே எசன்ஸ், அதே ஐஸ் போட்டு அடித்தால் மேலே நுரையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கிறது என்று எழுதியிருந்தாய். உன் சிக்கல் அந்த மூன்றாவது சாமானில்தான் இருக்கிறது. ஐஸ் என்பது தண்ணீர்தானே. மிக்சியில் உடைந்து உருகினால் பாலை நீர்க்கச் செய்வதைத் தவிர அது வேறென்ன செய்யும்? தண்ணீரை உறைய வைப்பதற்குப் பதில் பாலையே உறைய வை. மலபார் பக்கத்து ஷார்ஜா ஷேக் நம் மார்த்தாண்டம், தக்கலை கூல்பார்களில் கிடைக்கிறதே, அதன் ரகசியமும் இதுதான். பால் பாக்கெட்டைக் கல்லாக உறைய வைத்து, உடைத்து, பழத்தோடு அடிக்கிறார்கள். அங்கே ஐஸ்கட்டிக்கு வேலையே இல்லை.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர். அதில் கொழுப்பு 6 சதவீதம். நீலப் பாக்கெட்டில் அதில் பாதிதான், அது சாயாவுக்குப் போதும், இதற்குப் போதாது. அடி கனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே காய்ச்சி, அரை லிட்டர் சுமார் 400 மில்லியாகக் குறையும்வரை வற்ற விடு. நீர் குறையக் குறையப் பாலின் சத்து நெருங்கி நிற்கும், வழவழப்பு அங்கேதான் தொடங்குகிறது. இறக்குவதற்கு முன் 5 மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பாக ஆறியதும் 2 மேசைக்கரண்டி பால்பொடியைக் கட்டி இல்லாமல் கரைத்துவிடு. வனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூட்டில் ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும், அடுக்களை மணக்கும், ஷேக் மணக்காது. வாசனை போதவில்லை என்று பாட்டிலைக் கவிழ்க்கவும் கூடாது, கூடிப்போனால் கசக்கும்.

வாயில் வைத்துப் பார்த்தால் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். தெரியட்டும். குளிர்ந்த பின் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். சீனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெறும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடும். சீனி கரைந்த பால் அதற்கும் கீழே போனால்தான் உறையத் தொடங்கும், அப்போதும் முழுதாக உறையாது, கொஞ்சம் திரவம் உள்ளே மிஞ்சி நிற்கும். அந்த மிச்சம்தான் கட்டியை மிக்சி பிளேடுக்கு மசிய வைக்கிறது. சீனியே இல்லாமல் உறைய வைத்த பால் கருங்கல்தான், உன் மிக்சி மோட்டார் அழும்.

அடுத்தது உறைய வைக்கும் பாத்திரம். உயரமான டம்ளரில் ஊற்றி வைக்காதே, அகலமான எவர்சில்வர் தட்டில் விரல் தடிமனுக்கு ஊற்றி வை. மெல்லிய படலம் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் பனித்துகள்கள் பொடியாக இருக்கும், மெதுவாக உறைந்தால் பெரிதாக வளர்ந்து நாக்கில் நறநறவென்று தட்டும். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் பெரிய மெஷின் வைத்துச் செய்வதும் இதைத்தான்: வேகமாக உறைய வைப்பது, உறையும்போதே கிளறுவது, கூடவே காற்றையும் புகுத்துவது. காற்றை நமக்கு மிக்சி புகுத்தித் தரும். காலையில் தட்டை எடுத்துப் பார், டிஷ்ஷில் ஆசிட் ஊற்றி உறைய வைத்த ரப்பர் பால் ஷீட்டு மாதிரியே கிடக்கும். உன் மைனி முதலில் பார்த்தபோது, ‘ஆசிட் ஊத்தலியே?’ என்று கேட்டாள்.

அந்தத் தகட்டை உடைத்து மிக்சியில் போட்டு, தனியாகக் குளிர வைத்த பால் 100 மில்லி ஊற்று. இது காய்ச்சி ஆற வைத்த பால்தான், உறைய வைக்காதது. ஜாரையும் கண்ணாடி டம்ளர்களையும் முன்கூட்டியே கால்மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடு. விட்டு விட்டு அடி, மொத்தமாக அரை நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டாம். பிளேடு சுற்றினால் சூடு வரும், சூடு வந்தால் நீ பட்ட பாடெல்லாம் உருகி ஓடும். மூன்று டம்ளர் வரும். உடனே குடித்துவிட வேண்டும். பேரன் அவசரத்தில் மடமடவென்று இழுத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வான், அண்ணத்தில் குளிர் பட்டால் நெற்றியில் வலிக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

இப்போது கரண்ட் விஷயம். தட்டு உறைய ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். எங்கள் ஊர் மழைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பகையில் பகலில் வைத்தால் நம்பமுடியாது, அதனால் ராத்திரி படுக்கப் போகும்போது வைப்பேன். ஒன்றிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். முழுக்க உருகி, குளிர்ச்சியும் விட்டுவிட்ட பாலை மறுபடி உறைய வைக்கிற சிக்கனம் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் வயிறு தாங்காது.

உனக்குப் பொறுமை இல்லை, எனக்குத் தெரியும். குறுக்குவழி வேண்டுமென்றால் வனிலா ஐஸ்கிரீம் மூன்று கரண்டிக்கு அரை டம்ளர் குளிர்ந்த பால் ஊற்றி அடி. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்கு. வெறுமனே ஐஸ்கிரீம் என்று போட்டிருந்தால் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ஃப்ரோசன் டெசர்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது தாவர எண்ணெய்க் கொழுப்பு. தின்னக்கூடாதது ஒன்றுமில்லை, ஆனால் பால் ருசிக்காகச் செய்கிற ஒன்றில் எண்ணெய் எதற்கு?

நல்ல வனிலா காய் வாங்கிப் போட்டால் கடை ருசி வருமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் காசுக்கு நல்ல பால் வாங்கு என்பேன். எசன்ஸில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த வனிலின். 1874-லேயே ஜெர்மனியில் இரண்டு வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். காயிலும் முக்கியமான மணம் அதே வனிலின்தான். கூடவே வேறு நூற்றுக்கணக்கான நுண்ணிய மணங்களும் உண்டு, மறுக்கவில்லை. சூடான பாயசத்திலோ கஸ்டர்டிலோ அந்த வித்தியாசம் தெரியும். உறைகிற குளிரில் மூக்கும் நாக்கும் பாதி மரத்துக் கிடக்கும்போது அதையெல்லாம் யார் கண்டார்கள்?

வனிலா என்றதும் உன் சித்தப்பா நினைவு வராமல் இருக்குமா? கேரளாவில் வனிலாப் பித்து பிடித்து ஆட்டிய காலம். 2000-ல் மடகாஸ்கரில் புயல் அடித்து வனிலாக் கொடிகளை அழித்தது, உலகம் முழுக்க விலை ஏறியது. 2003 வாக்கில் பச்சைக்காயே கிலோ ஆயிரக்கணக்கில் போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் நம் சித்தப்பாவும் கமுகு மரமெல்லாம் கொடி ஏற்றினார். நட்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், பூத்தால் ஒரு காலைப்பொழுதுதான் பூ திறந்திருக்கும், அதற்குள் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ஈர்க்கிலும் கையுமாக அவர் விடியற்காலையில் கொடிக்குக் கொடி நடந்தது கண்ணிலேயே நிற்கிறது. அந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், 1841-ல். இத்தனை கோடி வியாபாரத்துக்கு வழி செய்தவன் ஏழையாகவே செத்தான்.

சித்தப்பா கொடி காய்க்கும் முன்பே விலை சரிந்துவிட்டது. மடகாஸ்கர் எழுந்துகொண்டது, கம்பெனிக்காரர்கள் செயற்கைச் சரக்குக்கு மாறிக்கொண்டார்கள். அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, கொடியை அறுத்துவிட்டு நல்லமிளகு ஏற்றினார். வேலியோரத்தில் ஒரு கொடி மட்டும் இன்னும் இருக்கிறது, பூக்கும், உதிரும், யாரும் தொடுவதில்லை. காய்த்தாலும் பச்சைக்காயில் மணம் இருக்காது. வெந்நீரில் சற்று முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, நாள்தோறும் வெயில் காட்டி, பிறகு நிழலில் உலர்த்தி, மாதக்கணக்கில் பெட்டியில் மூடி வைத்தால்தான் அந்தக் கறுப்பும் மணமும் வரும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ தேறும். விலை ஏன் அப்படி என்பது அதிலேயே புரிந்துவிடும்.

உன் சுகரைப் பற்றி எழுதியிருந்தாய். மாற்றுச் சீனிப் பொடி போட்டால் இனிப்பு வரும், இந்த மசிகிற குணம் வராது, மேலே சொன்ன காரணம்தான். அண்டிப்பருப்பு, அதான் முந்திரி, பத்துப் பதினைந்தை ஊற வைத்து, நன்றாக அரைத்துப் பாலில் சேர்த்து உறைய வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். அதையும் டம்ளர் டம்ளராகக் குடிக்காதே. நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் போட்டால் சீனி குறைக்கலாமே என்று தங்கச்சி கேட்டாளாம். நல்ல யோசனைதான், மணமும் பிரமாதமாக இருக்கும். ஆனால் பழத்திலும் சீனிதான் இருக்கிறது, டாக்டரை அதைச் சொல்லி ஏமாற்ற முடியாது. மட்டி போட்டால் வனிலாவை விட்டுவிடு, இரண்டு மணமும் ஒன்றையொன்று அமுக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்தை எசன்ஸ் ஊற்றிக் கெடுப்பானேன்?

ஓணத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், பேச்சு மாறாதே. மகன் காரில்தானே வருகிறீர்கள், ஃப்ரீசருக்குள் நுழைகிற அளவில் ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டு இரண்டு வாங்கி வா. இங்கே கிடைப்பதெல்லாம் ஒன்று ரொம்பப் பெரிது, இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டு. அளவு கடைசிப் பக்கத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பென்ஷன் பேப்பர் என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்