உவமானமாக நிற்கும் குழந்தைகள்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விடியற்காலையிலேயே எழுந்து படிக்கிறாள்.

கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே, "மேடைப் பேச்சில் நாலு வார்த்தை முன்னே பின்னே வரத்தான் செய்யும், அதற்குக் கொடும்பாவி கொளுத்துவானேன், அரிசி விலையைப் பேசட்டும்" என்று. இரண்டு நாளாக அதே நினைப்புதான். ஒரு தலைவர் இன்னொரு தலைவரை மண் குதிரை என்கிறார், அடிமை என்கிறார். அதற்கு ஊரே கொதிக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட என்னால் முடியவில்லை.

2021 மார்ச் உனக்கு நினைவிருக்கும், நீ எடப்பாடிப் பக்கத்துக்காரி. ஸ்டாலினை முறையாகப் பிறந்த ஆரோக்கியமான குழந்தை என்றும், பழனிசாமியைக் கள்ள உறவில் பிறந்த குறைப்பிரசவக் குழந்தை என்றும் ஆ. ராசா பிரசாரத்தில் பேசினார். இருவரின் அரசியல் வளர்ச்சியைத்தான் உவமையாகச் சொன்னேன் என்று பிறகு விளக்கினார். பழனிசாமி திருவொற்றியூர்க் கூட்டத்தில் தாயை நினைத்துக் கண்கலங்கினார். அந்த அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த நாள் ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம், தாய்மையை இழிவுபடுத்தும் பேச்சு என்று சொல்லி, 48 மணி நேரம் பிரசாரம் செய்யக்கூடாதென்று தடை போட்டது. இதெல்லாம் நடந்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அன்று எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் உவமானம், உவமேயம் என்று படித்தோமே, அந்தக் கோபம் முழுக்க உவமேயத்துக்காக, அதாவது ஒப்பிடப்பட்ட பழனிசாமிக்காக வந்தது. உவமானமாக நிறுத்தப்பட்ட குழந்தைக்காக யாராவது கோபப்பட்டார்களா?

பிரசவ வார்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒன்றேகால் கிலோ குழந்தையை உடம்புச் சூடு குறையாமல் காக்கும் வார்மரில் வைத்துவிட்டு, ஒவ்வொரு மணிக்கும் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இரவுகள் எத்தனை! குறைமாதத்தில் பெற்றவள் ஏதோ தப்புச் செய்தவள் போல மாமியார் முகத்தைப் பார்க்கவே பயப்படுவாள். குழந்தையை மார்போடு தோல் படும்படி அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்போம். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளியும். கல்யாணமாகாமல் வந்த பெண்கள் இன்னும் பாவம். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அவ்வளவு தூரம் வந்த பிறகும், அந்தப் பிறப்பு மேடையில் வசவாகத்தான் இருக்கிறது. ராசாவைக் கண்டித்தவர்களும் "எங்கள் தலைவரையா அப்படிச் சொன்னாய்" என்றுதான் கேட்டார்கள். அப்படிப் பிறந்தால் கேவலம் என்பதை அவர்களும் ஒத்துக்கொண்ட மாதிரிதானே?

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். வங்கதேசத்திலிருந்து ஊடுருவியவர்கள் கரையான் என்று 2018-ல் ராஜஸ்தான் கூட்டத்தில் அமித் ஷா பேசினார். மறு வருஷம் வங்காளத்திலும் அதையே சொல்லி, ஒவ்வொருவராகப் பிடித்துக் கடலில் வீசுவோம் என்றார். கரையானை என்ன செய்வோம், சரோஜா? மருந்தடித்துக் கொல்வோம். ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று வானொலியில் ஓயாமல் சொன்னார்கள். 1994-ல் நூறு நாளில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். இங்கே அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மனிதரைப் பூச்சி என்று சொல்லக் கேட்டு அரிசி விலைக்குத் திரும்பிவிட எனக்கு மனம் வரவில்லை. திட்டு வாங்கிய தலைவருக்குப் பதில் சொல்ல மைக் இருக்கிறது. கரையான் என்று பெயர் வாங்கியவனுக்கு என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு பையன் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். ஏழாம் மாதத்தில் பிறந்து நாற்பது நாள் எங்கள் வார்டில் இருந்தவன். அவன் அம்மா கூட வந்திருந்தாள், என் கையை விடவே இல்லை. முகூர்த்தம் வைகாசியில், சேலத்தில்தான். உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவேன். மிச்சத்தை நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மரகதம்