சிறுகாட்டில் முகாம்: தரையைச் சீண்டாமல் அமைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மரமடர்ந்த நிலம் வைத்திருப்போர், அங்கே ஓரிரு இரவுகள் தங்கிவர எளிய முகாம் அமைக்க விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், முதல் வேலையாக இயந்திரத்தைக் கொண்டுவந்து தரையைச் சமப்படுத்துவதும் சருகை வழித்தெடுப்பதும் பெரும் கவலை அளிக்கின்றன.

மரத்தின் உறிஞ்சுவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், கிளைகள் விரிந்த எல்லைக்கும் அப்பால் பரவிக் கிடக்கிறது. கனமான சக்கரங்கள் ஏறும்போது மண்ணின் நுண்துளைகள் நசுங்கி, வேருக்கு நீரும் காற்றும் போவது தடைபடுகிறது. மரம் உடனே சாய்ந்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து நுனிக்கிளைகள் பட்டுப்போகத் தொடங்கும்போது, காரணம் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆகவே, இயல்பாகவே ஓரளவு சமமாக உள்ள இடத்தைத் தேடிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தையும் அதே ஒற்றையடிப் பாதையையும் பயன்படுத்துவதே முறை. பள்ளத்தில் மழைநீரும் குளிர்ந்த காற்றும் தேங்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக அண்ணாந்து பார்க்க வேண்டும்: பட்ட கிளையும், முறிந்து இன்னொரு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்பும் காற்றே இல்லாத நாளிலும் விழக்கூடியவை.

கூடாரத்துக்குப் பதிலாக, இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தார்ப்பாயை விரித்தாலே போதுமானது. உணவைக் கடத்தும் திசு பட்டையை ஒட்டி உட்புறத்தில் இருப்பதால், மெல்லிய கயிற்றை நேரடியாக இறுக்கிக் கட்டாமல், அகலமான நாடாவை மரத்தில் சுற்றி அதில் கயிற்றைப் பிணைக்க வேண்டும். புறப்படும்போது இரண்டையும் கட்டாயம் அவிழ்த்துவிட வேண்டும். விட்டுவைத்த கட்டு, மரம் பருக்கப் பருக்க அதன் கழுத்தையே நெரித்துவிடும். ஆணி அடிப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

என்னைக் கேட்டால், எளிய முகாமுக்கு விறகு நெருப்பே வேண்டாம்; சிறிய எரிவாயு அடுப்பே போதும். கீழே கிடக்கும் பட்ட மரமும் வண்டுகளுக்கும் காளான்களுக்கும் உரியதாக அங்கேயே இருக்கட்டும். நெருப்பு மூட்டியே ஆக வேண்டுமானால், சருகையும் மட்கையும் விலக்கி வெறும் மண் தெரியும் சிறு இடத்தில், வேர்களிலிருந்து தள்ளி மூட்ட வேண்டும். காய்ந்த மட்கில் பிடித்த கனல் சுடரே இல்லாமல் தரைக்கடியில் நகர்ந்து, வேறோர் இடத்தில் வெளிப்படுவதுண்டு. நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, சாம்பலருகே புறங்கையை வைத்துச் சூடு அறவே இல்லையென்று உறுதிசெய்த பிறகே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும்.

மலம் கழிக்க 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி, நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி என்பது பொதுவான நெறி. ஓடையோ குளமோ உள்ள சிறுகாட்டில் அந்தத் தொலைவு பல நேரங்களில் கிடைக்காது. அங்கே மூடியிட்ட வாளியில் சேகரித்து வெளியே கொண்டுபோய் முறையாக அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சொந்தக் காட்டில் தங்க விரும்புவோருக்கு, இயந்திரத்தை வரவழைக்கும் முன்பே இச்செய்திகள் எட்டும் வகையில் தங்கள் நாளிதழ் இதுபற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்