ஒரு விசித்திரப் பெயர்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். ஒரு மாதத்துக்குக் குனிந்து எதையும் தூக்காதே. சொன்னால் கேட்க மாட்டாய், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ராட்டர்டாமில் மகள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன், மழைதான் விடுவதில்லை. போன வாரம் மருமகனோடு பல் டாக்டரிடம் போயிருந்தேன். நர்ஸ் ஒரு பெரியவரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: 'நாக்த்கெபோரென்'. மருமகன் என் காதோடு அர்த்தம் சொன்னார், 'அம்மணமாய்ப் பிறந்தவர்'. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

வெளியே வந்ததும் கதை சொன்னார். 1810இல் நெப்போலியன் ஹாலந்தைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டாராம். மறு வருஷம் ஆகஸ்டில், எல்லோரும் குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு. இவன் எத்தனை நாள் இருக்கப்போகிறான் என்று ஜனங்கள் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தார்கள். 1813இல் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே பலரும் நம்பும் கதை இது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேரன் பேத்திக்கும் சேர்த்தா ஒருவன் இப்படி விளையாடுவான்? தேடிப் பார்த்தேன். நெப்போலியனுக்கு வெகு முன்பே இங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் இருந்திருக்கிறது. வடக்கே ஃப்ரீஸ்லாந்து பக்கம்தான் பலர் அப்பா பெயரோடு நிறுத்தியிருந்தார்கள்; பீட்டர் மகன் யான் என்றால் 'யான் பீட்டர்ஸ்', அவ்வளவுதான். 'நாக்த்கெபோரென்' 1811க்கு முந்தைய பெயர். வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. அங்கே 'நாஹ்' என்றால் 'பிறகு'. 'நாஹ்கெபோரன்' என்றால் அப்பா செத்த பிறகு பிறந்த பிள்ளை. டச்சுக்காரர் வாயில் 'நாஹ்' திரிந்து 'நாக்த்' ஆனது, 'பிறகு' போய் 'அம்மணம்' வந்துவிட்டது.

படித்ததும் உன் ஞாபகம்தான். உன் அப்பா போய் மூன்றாம் மாதம் நீ பிறந்ததை உன் அம்மா சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஊரில் உன்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதும் தெரியும். அந்தப் பெரியவர் எழுந்து போனபோது நானும் சிரித்தேனே, அது உறுத்துகிறது. மருமகனிடம் விஷயத்தைச் சொன்னால், "இருந்தாலும் நெப்போலியன் கதைதான் நல்லா இருக்கு மாமா" என்கிறார்.

அப்புறம், அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். சீஸ் வேண்டாம் என்றாய், சரி. வேறென்ன வேண்டும் என்று எழுது.

உன்
ராமநாதன்