புகார் வராத தெருவையும் அளந்து பாருங்கள்: மாநகராட்சி ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
முத்தமிழ் நகர் சுற்றுவட்டாரப் பெண்கள்,
கொடுங்கையூர், தண்டையார்பேட்டை மண்டலம்,
சென்னை - 600 118.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை - 600 003.

பொருள்: மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் இரவு நேரப் பாதுகாப்பையும் அடிப்படை வசதிகளையும் ஒரே படிவத்தில் தெருவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடவும், மிகவும் பின்தங்கிய தெருக்களில் முதலில் பணி தொடங்கவும் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். குடியிருப்பது கொடுங்கையூரில். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் மற்றவர்கள் வீட்டு வேலை, தையல், துணிக்கடை விற்பனை, அலுவலகத் துப்புரவு என்று நகரத்தின் பல மூலைகளுக்குப் போய் வருபவர்கள். பெசன்ட் நகர், அண்ணா நகர், தி.நகர் தெருக்களின் நிலையும் எங்களுக்குத் தெரியும், எங்கள் தெருக்களின் நிலையும் தெரியும். நகரத்தின் ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் ஒப்பிடுவதற்கு நாங்கள் எந்த அறிக்கையையும் புரட்ட வேண்டியதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தால் போதும்.

மாலை ஷிப்ட் முடிந்து நான் கிளம்ப இரவு ஒன்பது ஆகிவிடும். அடையாறில் மருத்துவமனை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடைபாதை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மருந்துக்கடை திறந்திருக்கிறது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள். பயம் என்ற நினைப்பே வராது. கண்ணதாசன் நகரில் இறங்கியதும் கதை வேறு. பிரதான சாலையில் உயர்கோபுர விளக்கு பளிச்சென்று எரிகிறது, அதில் குறையில்லை. உள்தெருவுக்குத் திரும்பினால் முதல் இரண்டு கம்பங்களில் வெளிச்சம், அப்புறம் ஒரு நீண்ட இருட்டு. அந்த இருட்டில் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருக்கும். அதை நடத்தும் அக்கா எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் கடை மூடியிருக்கும் நாட்களில் நாங்கள் போனில் பேசி வைத்து, நிறுத்தத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, சேர்ந்தே நடக்கிறோம். ஒரு தெருவின் பாதுகாப்பு ஒரு டீக்கடைக்கார அக்காவின் உடல்நிலையை நம்பி இருக்கக் கூடாது.

இந்த நிலைமை எந்தக் கணக்கில் வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட, வாழ்வதற்கு ஏற்ற நகரங்களின் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் சென்னைக்கு நான்காவது இடம். பெருமைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பெருநகரப் பட்டியலிலும் சென்னை ஒரே வரியில் வருகிறது. இப்படி ஊர் முழுவதையும் கூட்டி வகுத்து ஒரு எண்ணாகச் சொல்லும்போது, பெசன்ட் நகரின் வெளிச்சம் எங்கள் தெரு இருட்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. ஊருக்குள் எந்தத் தெரு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குடிமகளிடம் எந்தப் பட்டியலும் இல்லை.

புகார்களை வைத்துத் தெரிந்துகொள்ளலாமே என்று சொல்லப்படலாம். மாநகராட்சியின் 1913 புகார் எண் இருக்கிறது, செயலி இருக்கிறது, உண்மைதான். ஆனால் புகார் செய்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்யும் பகுதியில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு விளக்கு அணைந்தால் கம்ப எண்ணோடு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது நல்ல பழக்கம், அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் காலை ஐந்துக்குத் தண்ணீர் பிடித்து, சமைத்து, ஆறரைக்குப் பேருந்து ஏறும் பெண்ணுக்கு விளக்குக் கம்பத்தின் எண்ணைத் தேடவோ, வேலை நேரத்தில் வரும் விசாரணை அழைப்பை எடுத்துப் பதில் சொல்லவோ நேரம் எங்கே இருக்கிறது? காவல் நிலைய விஷயமும் இப்படித்தான். இருட்டில் ஒருவன் பின்தொடர்ந்தான் என்று சொல்லப் போனால் வீட்டில் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தே எத்தனையோ பெண்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே, புகார் எண்ணிக்கையை வைத்துத் தேவையை அளந்தால், நன்றாக இருக்கும் தெரு இன்னும் நன்றாகும். சத்தம் போடாத தெருவில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காகிதம் சொல்லும்.

எங்கள் பகுதிக்கு மாநகராட்சி ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2023-ல் வட சென்னை வளர்ச்சித் திட்டம் ரூ.1,000 கோடியில் அறிவிக்கப்பட்டு, பிறகு விரிவாக்கப்பட்டது. அதற்கு நன்றி. மழை பெய்தால் மூழ்கும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு மேல் பாலம் வருவது எங்கள் பல வருடத்து ஆசை. ஆனால் பெரிய திட்டங்கள் பெரிய சாலையில் நின்றுவிடுகின்றன. பாலம் இறங்கி வீட்டுக்கு வரும் கடைசி அரை கிலோமீட்டரில்தான் ஒரு பெண்ணின் பயம் இருக்கிறது.

இது வடக்கு, தெற்கு என்ற பஞ்சாயத்தும் அல்ல. அடையாறு மண்டலத்திலேயே பெசன்ட் நகர் நிழற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஊரூர் குப்பமும் ஓடைக்குப்பமும் இருக்கின்றன. சோழிங்கநல்லூர் மண்டலத்தில் ஐ.டி. கண்ணாடிக் கட்டடங்களும் இருக்கின்றன, நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கை செம்மஞ்சேரிக்காரி. அவள் சொல்லும் கதைக்கும் எங்கள் கதைக்கும் இடத்தின் பெயர் ஒன்றுதான் வித்தியாசம். அதனால் மண்டல சராசரி போதாது, வார்டு சராசரியும் போதாது. தெரு வரைக்கும் இறங்க வேண்டும்.

பாதுகாப்பு என்றால் திருட்டும் தொல்லையும் மட்டுமில்லை. 2017 நவம்பர் 1-ஆம் தேதி, இதே கொடுங்கையூரில் ஆர்.ஆர். நகரில், தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். அதன் பிறகு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வாசலில் இறக்குவதற்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்க்கிறோம், அதில் கம்பி எதுவும் கிடக்கிறதா என்று. எங்கள் தெரு முனையில் இருக்கும் மின் இணைப்புப் பெட்டிக்குத் தாழ்ப்பாள் இல்லை. பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கதவைச் சுற்றி யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள். மழையில் துணி நைந்து கதவு திறந்துகொள்ளும், மறுபடி ஒருவர் வேறு துணி கட்டுவார். அந்தப் பெட்டியின் உயரம் ஏழு வயதுப் பிள்ளையின் தோள் மட்டம்.

பக்கத்தில் பொதுக் கழிப்பிடம் இருக்கிறது. பெண்கள் பக்கத்தில் ஒரு கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லாததால் இருவராகப் போய், ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்கிறோம். பட்டியலில் அது 'கழிப்பிட வசதி உண்டு' என்றுதான் இருக்கும். இதற்காகத்தான், உண்டு, இல்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரவில் ஒரு பெண் தனியாகப் பயன்படுத்த முடியுமா என்று கேட்கச் சொல்கிறோம்.

குப்பை மேட்டைப் பற்றிச் சொல்லாமல் கொடுங்கையூரைப் பற்றிச் சொல்ல முடியாது. சென்னையின் 15 மண்டலங்களில் 1 முதல் 8 வரையிலான மண்டலங்களின் குப்பை பல வருடங்களாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்து, ஏறத்தாழ 340 ஏக்கரில் குவிந்தது. மற்ற மண்டலங்களின் குப்பையைப் பெருங்குடிக்காரர்கள் தாங்கினார்கள். குப்பை எரிந்து புகை வரும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு, காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துவிடுகிறோம். நெஞ்சுச் சளியோடு வரும் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கச் சொல்வது என் தொழில், என் வீட்டிலும் அதே வேலைதான். பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடப்பது எங்களுக்கு ஆறுதல். ஆனால் நாங்கள் ஏற்கனவே சுமந்த பாரத்தையும் இந்தக் கணக்கெடுப்பில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும். ஒரு பகுதி நகரத்துக்காக எதைத் தாங்குகிறது, பதிலுக்கு என்ன பெறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பல விஷயம் விளங்கும்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். ஒவ்வொரு வார்டிலும் அந்தந்தப் பகுதிப் பெண்களும் மாநகராட்சிப் பொறியாளரும் சேர்ந்து, இரவு எட்டு மணிக்கு மேல், தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும். எரியாத விளக்கு, மூடியில்லாத மின்பெட்டி, மழைநீர் வடிகாலின் திறந்த வாய், நடைபாதை, கழிப்பிடம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், குடிநீர் எந்த நேரத்தில் வருகிறது என்பதெல்லாம் 200 வார்டுக்கும் பொதுவான ஒரே படிவத்தில் பதிவாக வேண்டும். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு முறை பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். மின்பெட்டி மின்வாரியத்துடையது, குடிநீர் வேறு வாரியம், பேருந்து வேறு கழகம், ரோந்து காவல்துறை என்று துறைகள் பிரிந்து கிடப்பது எங்களுக்குத் தெரியும். நடந்து போகும் பெண்ணுக்குத் தெரு ஒன்றுதான். எல்லோரையும் ஒரு மேஜைக்கு அழைக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால்தான் உங்களிடம் வருகிறோம்.

இதற்குப் புதிதாக ஒரு அமைப்பு தொடங்கத் தேவையில்லை. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்குத் தேர்வான எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. மாநகராட்சியிலேயே பாலினம் தொடர்பான கொள்கைப் பிரிவு செயல்படுகிறது. மாமன்ற வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. கணக்கெடுப்பைப் பகுதி சபையில் வைத்துப் படித்துக்காட்டி, தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, பிறகு தமிழில் வார்டு அலுவலக வாசலில் ஒட்டவும் இணையதளத்தில் ஏற்றவும் வேண்டுகிறோம். அப்புறம் பணம். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி எல்லா வார்டுக்கும் ஒரே அளவாக இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல், கணக்கெடுப்பில் கடைசியில் வரும் தெருக்களுக்கென்று தனியாக ஒரு தொகையை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கித் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டியல் 'ஆபத்தான ஏரியாக்கள்' என்ற பெயரில் வெளியே போய்விடக் கூடாது. வியாசர்பாடி, கொடுங்கையூர், கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலைக்கு எடுக்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஆட்டோ வர மறுக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர்கள் இடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போனதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். எங்கள் தெருவில் இருப்பவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று அளக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு வந்து சேர வேண்டிய விளக்கும் தண்ணீரும் பேருந்தும் வந்து சேர்ந்ததா என்று அளக்கச் சொல்கிறோம். படிவத்தின் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை அந்த நினைப்போடு எழுத வேண்டும். குற்ற எண்ணிக்கையை அதில் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரோந்து வாகனம் எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்பதைச் சேர்த்தால் போதும்.

200 வார்டுக்கும் ஒரே நாளில் முடியாது என்பது புரிகிறது. முதலில் தண்டையார்பேட்டை மண்டலத்தில் ஒரு வார்டு, அடையாறு மண்டலத்தில் ஒரு வார்டு, சோழிங்கநல்லூர் மண்டலத்தில் செம்மஞ்சேரியை உள்ளடக்கிய வார்டு என்று மூன்றில் தொடங்கலாம். எங்கள் பகுதியில் நடப்பதற்கு நாங்கள் தயார், படிவம் நிரப்பவும் தயார், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்கிறோம். கணக்கெடுப்புக்குக் காத்திராமல் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மழைக்கு முன்னால், அக்டோபர் பிறப்பதற்குள், உள்தெருக்களில் திறந்து கிடக்கும் மின்பெட்டிகள் அனைத்தையும் மின்வாரியத்தோடு சேர்ந்து மூடிப் பூட்டித் தர வேண்டும்.

எங்கள் சுற்றுவட்டாரத் தெருக்களை நாங்களே நடந்து குறித்த விவரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நேரில் விளக்கம் சொல்ல ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வருகிறோம். மாலை ஆறு மணிக்குப் பிறகான நேரமாக இருந்தால் கூடுதல் பெண்களால் வர முடியும்.

இணைப்பு: 1. தெருவாரிக் குறிப்பு. 2. மின்பெட்டிகள், எரியாத விளக்குகளின் புகைப்படங்கள். 3. கையெழுத்துப் பட்டியல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முத்தமிழ் நகர் சுற்றுவட்டாரப் பெண்கள்,
கொடுங்கையூர்.